பலாமரத்துக்கு ஒரு நேர்த்திக்கடன்

பிள்ளைகளுக்காக நேர்ந்துகொள்வார்கள், ஆடு மாடுகளுக்காகவும் நேர்ந்துகொள்வார்கள். எங்கள் அம்மா ஒரு பலாமரத்துக்காக நேர்ந்துகொண்டார். குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனாருக்கு மாசி மகத்தன்று காகித மாலை சாத்துவதாக வேண்டுதல். அதை நிறைவேற்றத்தான் போனோம்.

2018 நவம்பர் 16 விடிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் புகுந்தது. ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம் என்று எங்கள் பக்கம் முழுக்கத் தென்னையும் பலாவும்தான் வாழ்க்கை. விடிந்து கதவைத் திறந்தபோது தோப்புக்குள் வெயில் அடித்தது. அதுவரை அந்த இடத்தில் வெயிலே விழுந்ததில்லை. அன்றைக்கு ஊரில் பெண்கள் மரத்தைக் கட்டிக்கொண்டு அழுததை நான் பார்த்தேன். பேர் சொல்லி அழுதார்கள். ஒவ்வொரு மரத்துக்கும் வைத்தவர் பேர் இருந்தது.

கொல்லையில் இருந்த பலா எங்கள் அப்பத்தா வைத்தது. முழுசாக விழவில்லை, ஒரு பக்கத்து வேர் அறுந்து சாய்ந்து கிடந்தது. விறகுக்குக் கேட்டு ஆள் வந்துவிட்டார்கள். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. கிளைகளைக் கழித்துவிட்டு, ஜேசிபி வைத்துத் தூக்கி நிறுத்தி, மண் அணைத்து, முட்டுக் கொடுத்தார். சாணியும் மண்ணும் குழைத்து வெட்டுவாயில் பூசும்போது அம்மா சொன்னார்: "திரும்பக் காய்ச்சா குளமங்கலத்தாருக்கு மாலை." அஞ்சு வருஷம் கழித்து, ஒரு தையில், அடிமரத்திலேயே பிஞ்சு தள்ளியிருந்தது.

எங்கே புறப்பட்டாலும் முதலில் எங்கள் ஊர் எல்லை அய்யனாரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். கண்மாய்க் கரையை ஒட்டிய சின்னக் கோயில்காடு அது. காரை, சூரை, வீரை, உசிலை எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். தார்ச்சாலையிலிருந்து உள்ளே கால் வைத்ததுமே குளிர்ச்சி தெரியும். செருப்பை ரோட்டிலேயே விட்டுவிட வேண்டும். காரைப்பழத்தையும் சூரைப்பழத்தையும் பறித்துத் தின்னலாம், ஆனால் ஒரு குச்சியைக்கூட ஒடிக்கக் கூடாது. பட்டு விழுந்த விறகு சாமி பொங்கலுக்கு மட்டும்தான். அதை வீட்டு அடுப்புக்கு யாரும் கொண்டுபோனதில்லை. சின்ன வயதில் நான் கிட்டிப்புள் செய்ய ஒரு கிளையை ஒடித்துவிட்டேன். அப்பத்தா என்னை அடிக்கவில்லை. ஒடிந்த இடத்தில் மஞ்சள் தண்ணீர் தெளித்து, "தெரியாம செஞ்சுட்டான், பொறுத்துக்க" என்று மரத்திடம் சொன்னார். சாமியிடம் சொன்னாரா மரத்திடம் சொன்னாரா என்று அன்றைக்கு எனக்குச் சந்தேகம். இப்போது அந்தக் கேள்வியே எனக்கு வருவதில்லை.

உள்ளே நிற்கும் மண் குதிரைகளைப் பார்த்தாலே இது விளங்கும். புரவி எடுப்பு என்று ஊர் முடிவு செய்தால், கண்மாய் மண்ணில் ஒரு பிடி எடுத்து வெற்றிலை பாக்கோடு, மண் வனையும் வேளார் கையில் கொடுப்பார்கள். அதற்குப் பெயர் பிடிமண். அந்த மண்ணைச் சேர்த்துத்தான் குதிரை. கால் தனி, உடல் தனி, கழுத்து தனி என்று வனைந்து ஒட்டி, சூளையில் சுட்டு, வண்ணம் பூசி, கடைசியில் கண் திறப்பார்கள். கண் திறந்த பிறகு அது மண் இல்லை. ஊரே தோளில் தூக்கிக்கொண்டு வந்து காட்டுக்குள் நிறுத்தும். ராத்திரியில் அய்யனார் அதில் ஏறிக் கண்மாய்க் கரையைச் சுற்றி வருவார். பழைய குதிரை உடைந்தால் அகற்றும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. நாங்கள் போன அன்று, தலை போன ஒரு குதிரையின் கழுத்துக்குள் வீரைக் கன்று ஒன்று நாலு இலையோடு நின்றது. குதிரையின் வயிற்றில் சேர்ந்த மண்ணில் வேர் பிடித்திருக்கிறது. பூசாரி வேளார் அய்யா அதற்கும் சேர்த்தே சூடம் காட்டினார். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அப்புறம் வேனில் மாலையை ஏற்றிக்கொண்டு கீரமங்கலம் வழியாகக் குளமங்கலம். கலர் காகிதத்தில் கட்டிய மாலை, நல்ல கனம். பிளாஸ்டிக் ஜரிகை வேண்டாம், காகிதமும் சணலும் போதும் என்று மாலை கட்டுபவரிடம் நான் முன்பே சொல்லியிருந்தேன். மண்ணுக்கு உரிய சாமிக்கு மக்காத பொருளைச் சாத்த எனக்கு மனசு வரவில்லை. வழியில் காற்று இழுத்து ஒரு இடத்தில் பிரிந்தது. இறங்கி நூல் போட்டுக் கட்டினோம்.

வில்லுனி ஆற்றங்கரையில் இருக்கிறது கோயில். பெருங்காரையடி மீண்ட அய்யனார். அந்தப் பெயரை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்: பெருங்காரை, அதன் அடி, அங்கே மீண்டவர். மரத்தை எடுத்துவிட்டால் சாமிக்குப் பெயரே இல்லை. பெரிய கோயில்களில் தலமரம் பிராகாரத்தில் ஒரு ஓரமாக நிற்கும். இங்கே சாமியின் முதல் பெயரே மரம். முள் நிறைந்த, யாரும் பெரிதாக மதிக்காத காரை மரம். எனக்கு இந்தச் சாமியை அவ்வளவு பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

முன்னால் தாவும் நிலையில் 33 அடி உயரக் குதிரை. மாசி மகத்தன்று அதன் உடம்பைப் பார்க்க முடியாது. எங்கிருந்தெல்லாமோ வண்டி கட்டி வந்தவர்கள் சாத்திய மாலைகள், சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக, ஒன்றின் மேல் ஒன்று. காற்று வரும்போது எல்லாக் காகிதமும் சேர்ந்து சலசலத்தது. கண்ணை மூடிக் கேட்டேன். கஜாவுக்கு முந்தைய எங்கள் தோப்பின் சத்தம் அப்படியே இருந்தது.

கூட்டத்தில் நகர்ந்து எங்கள் முறை வர ரொம்ப நேரமாயிற்று. மேலே நின்ற ஆட்கள் மாலையை வாங்கிச் சாத்தினார்கள். அம்மா வாய்விட்டே பேசினார். "அய்யா, சாஞ்சு கெடந்தது எந்திரிச்சிருச்சு. பதினோரு பிஞ்சு. காத்துல உதிராமப் பாத்துக்க." பக்கத்தில் நின்ற அம்மாள், "யாருக்கு ஆத்தா ஒடம்பு சரியில்லாம இருந்துச்சு?" என்று கேட்டார். "பலாவுக்கு" என்றார் அம்மா. அந்த அம்மாள் ஆச்சரியப்படவில்லை. "எங்களுக்கு அன்னைக்கு முப்பது தென்னை போச்சு" என்று சொல்லிவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் குதிரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார்கள்.

வீடு வந்து சேர இருட்டிவிட்டது. அம்மா உள்ளே வரவில்லை. கால்கூடக் கழுவாமல் நேரே கொல்லைக்குப் போனார். டார்ச் எடுத்துக்கொண்டு நான் பின்னால் போனேன். முட்டுக் கொடுத்த பக்கம் நின்று, மடியில் முடிந்து வைத்திருந்த திருநீற்றை எடுத்து, பழைய வெட்டுவாய்க்கு மேலே மூன்று விரலால் இழுத்துப் பூசினார். மரத்தில் கையை வைத்துக்கொண்டே, "போய்ச் சொல்லிட்டு வந்துட்டேன்" என்றார்.