வெட்டுக்கோட்டுக்கு வெளியே 3 மி.மீ.

ஜனவரி 5, திங்கள்

மார்கழி பாதி தாண்டிவிட்டது. எங்கள் அச்சகத்துக்குத் தை முகூர்த்தக் கல்யாணப் பத்திரிகை டிசைன்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வருகின்றன. இன்று கோபியிலிருந்து வந்தது 7க்கு 5 அங்குலம். சிவப்புப் பின்னணி கச்சிதமாக 7க்கு 5லேயே நிற்கிறது, பிளீட் (வெட்டுக்கோட்டைத் தாண்டி நீளும் கூடுதல் பின்னணி) இல்லை. அப்படியே அடித்தால் ஓரத்தில் வெள்ளைக் கீற்று விழும். கட்டிங் மிஷினில் தாளை அடுக்கித்தான் வெட்டுகிறோம். கத்தி இறங்கும்போது அடுக்கு லேசாக நகர்ந்து, மேல்தாளுக்கும் அடித்தாளுக்கும் அரை மி.மீ., சில நேரம் ஒரு மி.மீ. வரை வித்தியாசம் வரும். ஆகவே நான்கு பக்கமும் 3 மி.மீ. கூடுதல். 177.8 × 127 மி.மீ. அட்டைக்குப் பின்னணி 183.8 × 133.

பலரும் செய்யும் தவறு, மொத்த டிசைனையும் பிடித்து இழுத்துப் பெரிதாக்குவது. எழுத்தும் சேர்ந்து வெளியே நகர்ந்துவிடும். பின்னணியை மட்டும் நீட்ட வேண்டும். எழுத்து வெட்டுக்கோட்டிலிருந்து 5 மி.மீ. உள்ளே இருந்தால் பயமில்லை.

இதே பத்திரிகையில் ஓரத்திலிருந்து 2 மி.மீ. தள்ளிச் சுற்றிலும் தங்கப் பார்டர். வெட்டு 1 மி.மீ. விலகினால் ஒரு பக்கம் 1, எதிர்ப் பக்கம் 3. பார்த்ததும் கோணல் தெரியும். 6 மி.மீ. உள்ளே தள்ளச் சொன்னோம். பார்டரே வேண்டாம் என்றால் இன்னும் நல்லது, ஆனால் மாப்பிள்ளை வீட்டார் கேட்க வேண்டுமே.

ஜனவரி 6

கட்டிங் மார்க், அதாவது எங்கே வெட்ட வேண்டும் என்று காட்டும் மூலைக் கோடுகள். இன்டிசைன் என்ற டிசைன் மென்பொருளில் மார்க்குக்கான ஆஃப்செட் (வெட்டுக்கோட்டிலிருந்து மார்க் தள்ளி நிற்கும் தூரம்) தானாக 2.117 மி.மீ. என்று இருக்கும். பிளீட் 3 மி.மீ. என்றால் மார்க் பிளீட்டுக்குள் நுழைந்துவிடும். வெட்டு அந்த அளவுக்குத் தள்ளினால் அட்டை மூலையில் கறுப்புக் கோடு. ஆஃப்செட்டை 3 அல்லது அதற்கு மேல் வையுங்கள். பிடிஎஃப் எடுக்கும்போது 'யூஸ் டாக்குமென்ட் பிளீட் செட்டிங்ஸ்' டிக் இல்லாவிட்டால், போட்ட பிளீட் ஃபைலில் வராது. கோரல் என்ற இன்னொரு மென்பொருளில் இவை பிரீபிரஸ் பகுதியில் பிளீட் லிமிட், கிராப் மார்க் என்ற பெயர்களில் இருக்கும்.

மார்க்குக்கு ரெஜிஸ்ட்ரேஷன் கலர் (நான்கு மையும் 100 சதவீதம்), சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைக்கான பிளேட்டிலும் விழுவதற்காக. அதே கலரை எழுத்துக்கோ பட்டைக்கோ போட்டால் மை 400 சதவீதம் ஆகிவிடும். காயாமல் அடுத்த தாளின் பின்பக்கம் ஒட்டிக்கொள்ளும்.

ஜனவரி 8

இன்று முழுக்கத் தமிழ் எழுத்துத் தொல்லை. பழைய ஃபான்ட்டில் அடித்த கோரல் ஃபைல், அந்த ஃபான்ட் இல்லாத மிஷினில் ஆங்கிலக் குப்பையாகத் திறந்தது. கன்ட்ரோல்+கியூ அடித்து கர்வ்ஸ் ஆக்கி (எழுத்தை வெறும் வடிவமாக மாற்றி) அனுப்பினால் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் கர்வ்ஸ் ஆகாத பிரதியைப் பத்திரமாக வையுங்கள். கர்வ்ஸ் ஆனபின் மணமகள் பெயரில் ஒற்று விட்டுப்போனதைத் திருத்த முடியாது.

இன்டிசைனில் யூனிகோடு என்றால் எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்டு ரெடி கம்போசர் என்ற அமைப்பு தேவை. சோதனைக்கு 'கொங்கு' என்று அடித்துப் பாருங்கள். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால் கம்போசர் மாறவில்லை.

ஜனவரி 9

சின்ன எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும் 100 சதவீதம். ஆர்ஜிபி (திரைக்கான நிறமுறை) கறுப்பை அச்சு மை நிறத்துக்கு மாற்றினால் நான்கு மையும் கலந்து, தாள் துளி நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றி நிழல் தெரியும். பெரிய கறுப்புப் பரப்புக்கு சியான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கறுப்பு 100.

வாட்ஸ்அப்பில் வந்த மணமக்கள் படம் அகலம் 1600 பிக்சல். 300 பிபிஐயில் (அங்குலத்துக்கு 300 பிக்சல்) அது 135 மி.மீ.தான் வரும். பிளீட்டோடு 183.8 மி.மீ.க்கு இழுத்தால் 221 பிபிஐ. 'ஸ்கிரீன்ல நல்லாத்தானுங்ணா இருந்துச்சு' என்பார்கள். படத்தை டாக்குமென்டாக அனுப்பச் சொல்வதே வழி.

ஜனவரி 10, சனி

ஈரோட்டு மஞ்சள்தூள் லேபிள். மெஜந்தா 20, மஞ்சள் 100. படத்தை ஆர்ஜிபியிலிருந்து மாற்றியதில் சியான் 5 ஒட்டிக்கொண்டு மஞ்சளில் பச்சை வாடை. சியானைச் சுழியாக்கியதும் சரியானது. டைலைனை (லேபிளை வெட்டும் வடிவக் கோடு) தனி ஸ்பாட் கலரில், அதாவது நான்கு மையில் சேராத தனி நிறத்தில் போட்டு, கீழே உள்ள நிறத்தை நீக்காமல் மேலேயே விழும்படி ஓவர்பிரின்ட் கொடுக்க வேண்டும். இல்லையேல் அந்தக் கோடு மஞ்சளைக் குடைந்து வெள்ளையாக நிற்கும்.

ஜனவரி 12

திருப்பூர் பனியன் டேக், 50 × 90 மி.மீ. மேல் ஓரத்திலிருந்து 8 மி.மீ.யில் 4 மி.மீ. ஓட்டை, அதைச் சுற்றி 3 மி.மீ.க்குள் எழுத்து கூடாது. ஷீட்டில் டேக்குக்கும் டேக்குக்கும் இடையே 6 மி.மீ., இரண்டு பக்கத்து பிளீட்டும் அதில் அடங்கும். பார்கோடு கறுப்பு மட்டும். இஏஎன்-13 (13 இலக்க) பார்கோடுக்கு 100 சதவீத அளவில் இடப்பக்கம் 3.63, வலப்பக்கம் 2.31 மி.மீ. வெற்றிடம் விட வேண்டும். அதில் டிசைன் நுழைந்தால் ஸ்கேனர் படிக்காது.

மாலையில் பவானி ஜமக்காள மடிப்பிதழ், ஏ4 மூன்று மடிப்பு. 99 + 99 + 99 மி.மீ. என்று பிரித்திருந்தார்கள். உள்ளே மடியும் பக்கம் இடித்து வளையும். இடமிருந்து வலமாக வெளிப்புறம் 97, 100, 100, உட்புறம் 100, 100, 97 என்று மாற்றினோம். ஜமக்காளப் பட்டைகள் ஓரம்வரை ஓடுவதால் அவற்றையும் 3 மி.மீ. நீட்டி பிளேட்டுக்கு அனுப்பியாயிற்று.