பையில் எத்தனை மில்லி?

ஜனவரி 22, 2025 – புதன்

அம்மாவை பினாங்கு ஜெலுத்தோங்கில் உள்ள வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். அறுவை சிகிச்சையில் பித்தப்பை திங்கட்கிழமையே போய்விட்டது. வயிற்றில் நான்கு சின்னத் தழும்புகள். கற்களைக் குப்பியில் போட்டுத் தந்தார்கள். மிளகு போலப் பதினேழு. “இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?” என்றார் அம்மா. வலது தோளில் வலி. வயிற்றை உப்பவைக்க ஏற்றிய கரியமில வாயுவின் வேலை, ஓரிரு நாளில் போகும் என்று தாதி சொல்லியிருந்தார்.

ஜனவரி 24 – வெள்ளி

போகவில்லை. வயிறும் சேர்ந்துகொண்டது. வாயுதானே என்று ஓமமும் இஞ்சியும் கொதிக்க வைத்துக் கொடுத்தேன். இரவில் காய்ச்சல் 38.6. கண்ணில் லேசான மஞ்சள்; சமையலறை விளக்கின் நிறம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இந்த வரியை அழிக்கப் போவதில்லை.

ஜனவரி 25 – சனி

அவசரப் பிரிவு. கல்லீரலுக்கு அடியில் நீர் கட்டியிருப்பதை ஸ்கேன் காட்டியது. விலாவுக்குக் கீழே குழாய் செருகியதும் பச்சையும் பழுப்புமாகப் பித்தநீர், அரை லிட்டருக்கு மேல். மருத்துவர் தாளில் வரைந்து காட்டினார். பை போனாலும் கல்லீரல் சுரப்பதை நிறுத்தாது. பைக்குப் போன கிளைக்குழாயைக் கிளிப் போட்டு அடைத்த இடத்தில் கசிகிறது.

ஜனவரி 28 – செவ்வாய்

இ.ஆர்.சி.பி. என்ற உள்நோக்கிக் குழாய்ச் சிகிச்சை. வாய்வழியே சிறுகுடல்வரை போய், பித்தக்குழாயின் வாயைச் சற்றே கீறி அகலமாக்கி, பிளாஸ்டிக் ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைத்தார்கள். ஓட்டையைத் தைக்கவில்லையா என்று கேட்டேன். தேவையில்லையாம். இறங்குவதற்கு எளிதான வழி கிடைத்தால் நீர் கசிவின் பக்கம் போகாது. ஓட்டை தானாக மூடும். கணையம் வீங்கக்கூடும் என்று இரவெல்லாம் கவனித்தார்கள். நல்லவேளை, வீங்கவில்லை.

ஜனவரி 29

சீனப் புத்தாண்டு. வெளியே பட்டாசு, வார்டில் பாதிக் கட்டில் காலி. விலாக் குழாயில் மாட்டிய பையில் பித்தநீர் 310 மில்லி.

ஜனவரி 31

90.

பிப்ரவரி 2

15! பக்கத்துக் கட்டில் சீனப் பாட்டி தினமும் காலையில் “பெராப்பா?” என்பார், மலாயில் ‘எவ்வளவு?’ என்று. அம்மா இன்று பையையே தூக்கிக் காட்டினார்.

பிப்ரவரி 5

குழாயை எடுத்தாயிற்று, வீட்டில் இருக்கிறோம். எண்ணெயும் தேங்காய்ப்பாலும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அத்தை ஒரு சட்டி கோழிக் குருமாவோடு வந்தார். அம்மா இரண்டு கரண்டிதான் சாப்பிட்டார். பிறகு நான்கு முறை கழிவறை. சேமித்து வைக்கப் பித்தப்பை இல்லாததால் பித்தநீர் ஓயாமல் குடலுக்குச் சொட்டுகிறது. அத்தைக்கு இதை விளக்கினேன். குருமாவில் உப்புக் குறைவோ என்று கேட்டார்.

பிப்ரவரி 10 – திங்கள்

பினாங்கு வீதியிலிருந்து வெள்ளித்தேர் புறப்பட்டுவிட்டது. நாளை தைப்பூசம். அம்மாவுக்குப் பால்குட வேண்டுதல். கனமானது எதையும் தூக்கக் கூடாது என்பது மருத்துவர் உத்தரவு.

“அப்படியென்றால் நீ எடு, பாப்பா.”

“நான் விரதமே இருக்கவில்லையே, அம்மா?”

“ஆஸ்பத்திரிக் கேண்டீனில் இத்தனை நாளும் இட்லிதானே தின்றாய்? அது போதும்.”

தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படிகள். விடியற்காலை மூன்று மணிக்கு எழ வேண்டும். ஸ்டென்டை எடுக்க மார்ச் 11.