31 அடி ஆர்வி: வாலை அளந்து பார்த்தேன்

எங்கள் 31 அடி ஆர்வி, அதாவது வீட்டு வண்டி, ஒரே எடுப்பில் உள்ளே போய் நின்றது. கனடாவின் அல்கொன்குயின் பூங்கா, மியூ லேக் முகாமிடம், போன வெள்ளிக்கிழமை மாலை. வலப்பக்கம் ஒரு தடித்த பைன் மரம், இடப்பக்கம் மின்கம்பம், பின்னால் நெருப்புக் குழி. மூன்றிலும் முட்டாமல், முன்னுக்குப் போய்ச் சரிசெய்யாமல், பின்னுக்கு எடுத்து விட்டுவிட்டேன். அதைப் பார்க்க ஒரு சனமும் இல்லை. எல்லாரும் ஏரிக்கரைக்குப் போய்விட்டார்கள். போன வருடம் இதே முகாமிடத்தில் நாற்பது நிமிடம் முன்னும் பின்னும் அலைந்தபோது மட்டும், சுற்றியிருந்தவர்கள் மடக்குக் கதிரைகளை எங்கள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்த்தார்கள். அதுதான் வயிற்றெரிச்சல்.

வண்டி பழையது. ஃபோர்ட் ஈ-450 அடிச்சட்டத்தில் கட்டிய சி வகை, முன்னால் வான், பின்னால் வீடு. அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 14,500 இறாத்தல், அதாவது ஏறக்குறைய 6,580 கிலோ. ஒன்ராறியோவில் சாதாரண ஜி அனுமதிப்பத்திரத்தோடு 11,000 கிலோ வரை ஓட்டலாம் என்பதால் எனக்கு யாரும் ஒரு பரீட்சையும் வைக்கவில்லை. வாங்கியதற்கு முதல் நாள் வரை கொரோலா ஓட்டியவனிடம் திறப்பைக் கொடுத்து, கழிவுக் குழாயை எப்படிப் பூட்டுவது என்று அரை மணி நேரம் விளக்கினார்கள். எப்படித் திருப்புவது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நெடுஞ்சாலை பயப்படும்படியான விஷயமே இல்லை. 400 ஆம் இலக்கச் சாலையில் ஏறி, 11 ஐப் பிடித்து, ஹன்ட்ஸ்வில்லில் 60 க்குத் திரும்பும் வரை நேரே போனால் சரி. முதல் நாள் கோட்டை விட்டு விலகிக்கொண்டே இருந்தேன். பாரஊர்தி கடக்கும்போது வண்டி முதலில் ஒரு பக்கம் தள்ளப்பட்டு, பிறகு இழுபடும். கண்ணைத் தூர வைத்தால் கை தானாக அமைதியாகிவிடுகிறது. இறக்கத்தில் இழுவை முறைப் பொத்தானை அமுக்கினால் கியர் தானே கீழே இறங்கிப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கில் கால் வைத்தபடியே போகத் தேவையில்லை. வேகம் ஒருபோதும் என் பிரச்சினையாக இருந்ததில்லை. நடைவேகத்துக்கும் குறைவாக ஊர்ந்தபோதுதான் வண்டியை உடைத்தேன்.

உடைத்த இடம் ஒரு பெற்றோல் நிலையம். பெற்றோல் மூடி சாரதிப் பக்கம் என்பதால் பம்ப் என் இடப்பக்கம் இருந்தது. அடித்து முடித்து, வெளியேறும் வழி வலப்பக்கம் என்பதால் ஸ்டியரிங்கை வலதுபுறம் முழுவதும் ஒடித்து மெல்ல முன்னால் எடுத்தேன். முன்பக்கத்தில் எல்லாம் தாராளமாக இருந்தது. இரண்டு மீற்றர் போவதற்குள் பின்னால், ஓலைப்பாயைக் கிழிப்பது போல ஒரு சத்தம். பம்பைக் காக்க நட்டிருந்த மஞ்சள் இரும்புத் தூண் என் பின் மூலைக்குள் இருந்தது. நான் வலப்பக்கம் போகிறேன், தூண் இடப்பக்கம் நிற்கிறது. அது எப்படி என்னைத் தொட்டது என்று அன்று விளங்கவே இல்லை.

ஓட்டிப் பழகியவர்களுக்கு இது அரிச்சுவடி. பின் சில்லைத் தாண்டிப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை நான் வால் என்றே சொல்வேன். என் வண்டிக்கு வால் 11 அடி. வண்டி பின் அச்சைச் சுற்றித்தான் திரும்புகிறது. மூக்கு வலப்பக்கம் போனால் வால் இடப்பக்கம் வீசும். மூன்று அடி வாலுக்கு ஓர் அடி வீச்சு என்று ஆர்விக்காரர்கள் ஒரு வாய்ப்பாடு சொல்வார்கள். அந்தக் கணக்கில் என் வால் மூன்றரை அடிக்கு மேல் வீச வேண்டும். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அளந்து பார்ப்பது என்று முடிவெடுத்தேன். இந்தப் பதிவில் நான் பெருமையடிக்க விரும்புவது அதைத்தான்.

ஸ்காபரோவில் ஒரு வணிக வளாகத்தின் பின்புற வாகனத் தரிப்பிடம், ஞாயிறு காலை ஆறு மணி. இரண்டு லீற்றர் சோடாப் போத்தலின் அடியில் குண்டூசியால் ஒரு துளை. போத்தலை இடது பின் மூலையில், நிலத்தில் இருந்து ஒரு சாண் உயரத்தில் கட்டித் தொங்கவிட்டேன். வண்டியின் இடப்பக்கச் சுவரோடு ஒட்டி நூல் பிடித்து, முன்னும் பின்னும் நீட்டிச் சோக்கால் ஒரு நேர்கோடு. யோசனை இதுதான்: முழுதாக ஒடித்து முன்னால் எடுக்கும்போது போத்தல் சொட்டிக்கொண்டே வரும். சொட்டுக் கோடு சோக்குக் கோட்டைத் தாண்டி எவ்வளவு வெளியே போகிறதோ அதுதான் வீச்சு.

முதல் ஓட்டத்தில் வெறும் தண்ணீர். நான் இறங்கி, அளவு நாடாவைத் தேடி எடுத்து வருவதற்குள் பாதிக் கோடு காய்ந்து மறைந்துவிட்டது. இரண்டாவது தடவை இடியப்பத்துக்கு வைத்திருந்த அரிசி மாவைக் கரைத்து ஊற்றினேன். பத்துச் சொட்டோடு துளை அடைத்துக்கொண்டது. மூன்றாவதுக்கு அதே கரைசலைப் பழைய சாரத்துணியில் வடித்து, துளையை ஆணியால் பெரிதாக்கினேன். கறுத்த தாரில் வெள்ளைக் கோடு அழகாக விழுந்தது. அந்த நேரம் பார்த்துக் காவலாளி வந்தார். நம்முடைய ஆள்தான். கொஞ்ச நேரம் கோட்டையும் போத்தலையும் பார்த்துவிட்டு, “விடியக் காலையில் இங்கே யாருக்கு அண்ணா கோலம் போடுகிறீர்கள்?” என்றார். விளக்கிச் சொன்னதும் அவரே நாடாவின் மறுமுனையைப் பிடித்தார்.

முழுதாக ஒடித்தபோது வீச்சு 63 சென்ரிமீற்றர். பாதி ஒடித்தபோது 41. இரண்டையும் மூன்று தடவை அளந்தோம், ஓரிரு சென்ரிமீற்றர்தான் முன்பின். ஆக வாய்ப்பாடு சொன்ன மூன்றரை அடி என் வண்டிக்கு மிகை. இரண்டு அடியை ஒட்டித்தான் வருகிறது. வீச்சு ஒவ்வொரு வண்டியிலும் வேறாகத்தான் இருக்கும். முன் சில்லு எவ்வளவு ஒடிகிறது, இரண்டு அச்சுக்கும் இடையே எவ்வளவு தூரம், வால் எவ்வளவு நீளம் என்ற மூன்றும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன.

ஆனால் அளவைவிடக் கோட்டின் வடிவம்தான் எனக்குக் கண்ணைத் திறந்தது. வெளியே பிதுங்கிய வயிறு எங்கே உச்சத்தைத் தொடுகிறது என்று பார்த்தால், வண்டி மூன்று மீற்றர்கூட நகராத இடத்தில். அதற்குப் பிறகு வால் உள்ளே வரத் தொடங்கிவிடுகிறது. அதாவது ஆபத்து முழுவதும் திருப்பத்தின் தொடக்கத்தில் இருக்கிறது. நானோ அந்த நேரத்தில் முன் கண்ணாடி வழியாக, போகப்போகும் வழியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மூக்கு வழியைக் கண்டுபிடித்து, “அப்பாடா” என்று மூச்சு விடும்போது பின்னால் வேலை முடிந்துவிடுகிறது. பெற்றோல் நிலையத்தில் நடந்தது அச்சொட்டாக இதுதான்.

அதிலிருந்து வழக்கத்தை மாற்றினேன். பக்கத்தில் தூணோ வாகனமோ இருந்தால், அது என் வாலைத் தாண்டிப் பின்னால் போகும் வரை நேரே எடுக்கிறேன். அதற்கு இடம் இல்லையென்றால் பாதிக்கு மேல் ஒடிப்பதில்லை. முதல் மூன்று மீற்றரும் கண் எதிர்ப்பக்கப் பக்கக்கண்ணாடியில். வலப்பக்கம் திரும்பினால் இடக்கண்ணாடி, இடப்பக்கம் திரும்பினால் வலக்கண்ணாடி. கார் ஓட்டிப் பழகிய தலைக்கு இது முழு விரோதம். கழுத்து தானாகத் திரும்பும் பக்கத்துக்கே போகிறது. இரண்டு வாரம் வாய்விட்டு “மற்றப் பக்கம், மற்றப் பக்கம்” என்று சொல்லிக்கொண்டுதான் ஓட்டினேன்.

கண்ணாடியைப் பற்றி ஒரு புலம்பல். பின் கமராவை நம்பி இந்த வண்டியை வாங்கினேன். கமரா அகலமாகக் காட்டுகிறது, தூரத்தைப் பொய்யாகக் காட்டுகிறது, மழை பெய்தால் சேற்றை மட்டும் காட்டுகிறது. பக்கக்கண்ணாடிதான் உண்மை பேசுகிறது. மேலே உள்ள தட்டைக் கண்ணாடியில் வண்டிச் சுவரின் ஒரு கீற்று மட்டும் தெரிய வேண்டும், கீழே உள்ள குவிந்த கண்ணாடியில் பின் சில்லு நிலத்தைத் தொடும் இடம் தெரிய வேண்டும். டொலரமா மலிவுக் கடையில் வாங்கிய மஞ்சள் நாடாவை, பின் அச்சுக்கு நேர் மேலே சுவரில் ஒரு சாண் நீளத்துக்கு இரண்டு பக்கமும் ஒட்டினேன். எத்தனையோ சாமான்கள் வாங்கியிருக்கிறேன், இந்த நாடா அளவுக்கு ஒன்றும் உதவவில்லை. உடைந்த வலக் குவிகண்ணாடிக்குப் புதிதாக ஒன்று கேட்டால் உதிரிப்பாகக் கடையில் முழுக் கூட்டையும் வாங்கு என்றார்கள். பழைய வாகனங்கள் உடைக்கும் முற்றத்தில் ஒரு விநியோக வான் கிடந்தது, அதிலிருந்து கழற்றியது அப்படியே பொருந்திவிட்டது. ஈ அடிச்சட்டம் வைத்திருப்பவர்கள் முதலில் அங்கே போய்ப் பாருங்கள்.

இனிப் பின்னுக்கு எடுப்பது. காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் இழுவை வீட்டுக்குச் சொல்லும் வித்தைகளை இதில் போட்டால் குழப்பம்தான் வரும். நம்முடையது ஒரே உடல், காரைப் போலவே திருப்பிய பக்கத்துக்கே பின்புறம் போகும். வித்தியாசம், மூக்கு எதிர்ப்பக்கம் அகலமாக வீசும் என்பது. போன வருடம் வாலையே பார்த்துக்கொண்டு எடுத்ததில், பாதைக்கு எதிரே நின்ற மேப்பிள் மரத்தை மூக்கு தடவிவிட்டது. இந்தத் தடவை இறங்கி, முகாமிடத்தை ஒரு தரம் நடந்து பார்த்தேன். மேலேயும் பார்த்தேன், கிளைதான் கூரையில் இருக்கும் குளிரூட்டிப் பெட்டியின் எமன். இடப்பக்கப் பின் சில்லு எங்கே மண்ணுக்குள் இறங்க வேண்டுமோ அங்கே ஒரு சிறிய செம்மஞ்சள் கூம்பை வைத்தேன். பிறகு முகாமிடத்தைத் தாண்டிப் போய் நிறுத்தி, மஞ்சள் நாடா கூம்புக்கு நேரே வரும் வரை நேராகப் பின்னுக்கு எடுத்து, அங்கே நிறுத்தி, ஒடித்து, ஊர்ந்தேன். பின் சில்லைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோனால் மிச்ச 31 அடியும் அதன் பின்னால் வருகிறது.

வழிகாட்டுபவர் மனைவி. போன வருட நாற்பது நிமிடத்தில் பாதி எங்கள் மொழிச் சிக்கல். அவர் என்னை நோக்கி நின்று “இடப்பக்கம்” என்றால் அது அவருடைய இடமா, என்னுடைய இடமா? இப்போது இடமும் இல்லை வலமும் இல்லை, “சாரதிப் பக்கம்”, “கதவுப் பக்கம்” மட்டும்தான். யாழ்ப்பாணத்து மினிபஸ் நடத்துநரைப் போல உடம்பில் தட்டிச் சொல்லலாம், ஒரு தட்டு நில், இரண்டு தட்டு வா என்று ஆசையாகத் தொடங்கினோம். எஞ்சின் சத்தத்தில் பின்னால் தட்டுவது எனக்குக் கேட்கவில்லை. சின்ன வோக்கிடோக்கிக்கு மாறிவிட்டோம். கண்ணாடியில் அவர் தெரியாவிட்டால் உடனே பிரேக், அதில் மட்டும் சமரசம் இல்லை. “வாருங்கள், வாருங்கள், வாருங்கள்” என்று ஒரே தாளத்தில் சொல்லிவிட்டுக் கடைசியில் “ஐயோ” என்பதை அவர் நிறுத்திவிட்டார். இப்போது, “ஆறடி, நாலடி, இரண்டு, நில்லுங்கள்.”

வெள்ளிக்கிழமை அந்த “நில்லுங்கள்” வந்தபோது மின்கம்பத்துக்கும் சுவருக்கும் இடையே என் முழங்கை அளவு இடைவெளி. வண்டியின் மின்கம்பி நீட்டிப்பு இல்லாமலே எட்டியது. தரை சரிவாக இருந்ததால் முன் இடச்சில்லின் கீழ் இரண்டு பலகை வைத்து மட்டம் பார்த்தோம். அது மூன்று தடவை எடுத்தது. மட்டம் பார்ப்பதில் நான் இன்னும் பாலர் வகுப்புத்தான், அதைத் தனியாக ஒரு நாள் எழுதுகிறேன்.

அடுத்தது சுப்பீரியர் ஏரிப் பக்கம். 17 ஆம் நெடுஞ்சாலையில் அகாவா பே, அப்படியே வாவா ஊருக்குப் போய் அந்தப் பெரிய வாத்துச் சிலைக்கு முன் ஒரு படம். ஒன்ராறியோ பூங்காக்களுக்கு ஐந்து மாதம் முன்பே பதிவு திறந்துவிடுவதால் ஓகஸ்ட் நடுப்பகுதியை மார்ச்சிலேயே பிடித்து வைத்துவிட்டேன். மொன்றியல் ரிவர் ஏற்றத்தைப் பற்றிப் பலரும் சொல்லிப் பயமுறுத்தியிருக்கிறார்கள். ஏறுவதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, திரும்பி வரும்போது இறங்க வேண்டுமே. அதற்கு முன் பின்சில்லு இரட்டையில் உள்ளேயிருக்கும் டயருக்குக் காற்று அடிக்க ஏதாவது வழி பார்க்க வேண்டும். இப்போது சுட்டுவிரல் மட்டும்தான் வால்வைத் தொடுகிறது.

பின் மூலை இன்னும் சரிசெய்யப்படவில்லை. கண்ணாடியிழைத் துணியும் ரெசினும் கராஜில் கிடக்கின்றன. ரெசின் ஒழுங்காக இறுகச் சூடான நாள் வேண்டும், வெயில் அடிக்கிற வார இறுதி எல்லாம் நாங்கள் வண்டியோடு எங்கேயாவது போய்விடுகிறோம். இப்போதைக்கு அலுமினிய நாடா ஒட்டியிருக்கிறது. அதன் மேல் மகள் கறுப்பு மையில் ‘63 செ.மீ.’ என்று எழுதி வைத்திருக்கிறாள்.