குருந்து: தோட்ட நாட்குறிப்பு

செப்டம்பர் 28
குருந்த மரக் கன்றுக்குக் குழி ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, ஆழமும் அதே. மேல்மண்ணோடு மட்கிய தொழுவுரம் ஒரு கூடை, வேப்பம்புண்ணாக்கு கால் கிலோ. கரையான் அரிக்கிற மண் இது, அதனால் புண்ணாக்கில் கஞ்சத்தனம் வேண்டாம். பச்சைச் சாணம் மட்டும் கூடாது. அந்தச் சூட்டில் வேர் வெந்துவிடும்.

அக்டோபர் 2
மழை இல்லை.

அக்டோபர் 9
இரவு நல்ல மழை. காலையில் நட்டாயிற்று. பையைக் கிழித்தால் ஆணிவேர் அடியில் வளையம் போட்டிருக்கிறது. அப்படியே புதைத்தால் வேர் வளைந்தபடியே தடித்து, பிறகு பெருங்காற்றில் மரம் சாயும். சுருண்ட நுனியை மட்டும் கத்திரித்து, மண்கட்டி உடையாமல் இறக்க வேண்டும். மதிலிலிருந்து ஆறடி. இலைக்கக்கத்தில் முள் உண்டு, ஆள் நடக்கிற பக்கம் ஆகாது.

அக்டோபர் 21
அடைமழை. தூரில் தண்ணீர் தேங்குகிறது. புதுச்சேரி, கடலூர்ப் பக்கத்துக் கோயில்காடுகளில் இது வடிகால் உள்ள செம்மண்ணில் வளர்கிற மரம். வறட்சி தாங்கும், தேக்கம் தாங்காது. வாய்க்கால் வெட்டி, தூரைச் சுற்றி மண் அணைத்தாயிற்று.

நவம்பர் 6
இலைமேல் பறவை எச்சம் போல ஒரு புழு. தொட்டால் தலைக்குப் பின்னால் சிவந்த கொம்பை நீட்டி நாறுகிறது. எலுமிச்சை இனத்து மரம், வண்ணத்துப்பூச்சி வராமல் இருக்குமா? பெரிய மரமென்றால் தின்னட்டும் என்று விடலாம். பத்து இலைக் கன்று தாங்காது. இலையோடு கிள்ளிக் கறிவேப்பிலைச் செடிக்கு மாற்றியாயிற்று. மருந்து அடிக்கப்போவதில்லை.

நவம்பர் 7
இன்னும் இரண்டு.

பிப்ரவரி 3
துளிர் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. பார்ப்பவரெல்லாம் "உரம் வை" என்கிறார்கள். இது பசியில்லை. ஆழ்துளைக் கிணற்று நீர் காய்ந்தால் மண்மேல் வெள்ளையாகப் பூக்கிறது. அந்தக் காரத்தில் இரும்புச்சத்து மண்ணில் இருந்தும் வேருக்குக் கிடைக்காது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), சில சொட்டு எலுமிச்சைச் சாறு, மாலையில் இலை நனையத் தெளிப்பு. இனிப் பிடித்து வைத்த மழைநீர்தான்.

பிப்ரவரி 4
ஒரே நாளில் நிறம் மாறாது. தெரியும், இருந்தாலும்.

பிப்ரவரி 19
புதுத் துளிர் பச்சை! நுனியில் குருந்து இலைக்கு உரிய சின்னப் பிளவுகூட விழுந்திருக்கிறது. கசக்கினால் நார்த்தை வாசம். எப்போது பூக்கும் என்று கேட்கிறார்கள். திருப்பெருந்துறையில் மாணிக்கவாசகரைச் சிவன் ஆட்கொண்டது குருந்த மரத்தடியில். அப்பேர்ப்பட்ட மரம், நம் அவசரத்துக்கா பூக்கும்?

மார்ச் 2
தண்டில் எறும்புச் சாரை. எறும்பு சும்மா ஏறாது, இனிப்பு நீர் கழிக்கிற மாவுப்பூச்சி எங்கோ ஒட்டியிருக்கிறது. காலையில் இலைகளின் அடிப்பக்கம் பார்க்க வேண்டும்.