கலைப் பட்டப்படிப்பு: மதிப்பெண் எங்கே விழுகிறது, நேரம் எங்கே கரைகிறது

கலைப் பயிற்சியில் பட்டம் படிக்க வருகிறவர்கள் முதல் ஆண்டில் ஒரே தவறைத்தான் செய்கிறோம். முடிந்த படைப்புக்கு மட்டும்தான் மதிப்பெண் என்று நினைத்து, அதற்கு முன்னால் நடந்ததையெல்லாம் குப்பையில் போட்டுவிடுகிறோம். ஜூரியில், அதாவது மதிப்பெண் போடும் குழுவில், உட்காருபவர்களோ "இது இங்கே எப்படி வந்து சேர்ந்தது?" என்றுதான் கேட்பார்கள். பதில் வாயில் இருந்தால் போதாது, ஸ்கெட்ச்புக்கில் தேதியோடு இருக்கவேண்டும்.

ஒரு பக்கம் இப்படி இருந்தால் போதும்: "கறுப்பு மை 1 பங்கு, தண்ணீர் 8 பங்கு. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) தாள். இரண்டாவது பூச்சில் தாள் அலை அலையாக எழும்பிவிட்டது, பள்ளத்தில் மை தேங்கிக் கறை கட்டியது. அடுத்து: தாளை 5 நிமிடம் நனைத்து, பலகையில் நாலு ஓரமும் கம் டேப் ஒட்டி, ராத்திரி முழுக்கப் படுக்கையாகக் காயவிட வேண்டும்." எதிர்ப்பக்கத்தில் அந்தக் கறைபட்ட துண்டையே ஒட்டிவிடுங்கள். "இது என் மனநிலையின் வெளிப்பாடு" என்று அரைப் பக்கம் எழுதுவதைவிட இது எவ்வளவோ மேல். தொழில் செய்பவர்கள் யோசிக்கும் விதத்தை ஆராய்ந்த டொனால்ட் ஷோன் 1983இல் பிரித்துச் சொன்னதுபோல, வேலை செய்துகொண்டே யோசிப்பது வேறு, முடித்தபின் திரும்பிப் பார்த்து யோசிப்பது வேறு. முதலாவது அன்றைக்கே எழுதாவிட்டால் போய்விடும். சமர்ப்பிக்கும் வாரத்தில் ஆறு மாதக் குறிப்பையும் ஒரே பேனாவில் எழுதுபவர்கள் உண்டு. பார்த்த கணமே தெரிந்துவிடும்.

அடுத்த எதிரி காலண்டர். கண்காட்சி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள், ஏனென்றால் பொருள்கள் நம் அவசரத்துக்கு வளையாது. எண்ணெய் வண்ணம் மெல்லிய பூச்சு என்றால் சில நாளில் தொடும் பதத்துக்கு வரும். தடித்த பூச்சோ மேலே தோல் கட்டிக்கொண்டு உள்ளே மாதக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப் போகக் கூடுதலாகவும் இருக்கவேண்டும்; தலைகீழாகப் போட்டால் பின்னாளில் வெடிப்பு விழும். இன்னொன்று, வண்ணத்தில் கலக்கும் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் கூடையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காய்வதே காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான். அப்போது பிறக்கும் சூடு சுருட்டலுக்குள் மாட்டிக்கொண்டு, துணி தானாகவே தீப்பிடிக்கும். மூடியுள்ள உலோக டப்பாவில் தண்ணீர் ஊற்றி அதில் போடுங்கள்.

களிமண் எடுத்தவர்களுக்குக் கணக்கு இன்னும் கறார். ஈரமண் வில்லையில் 10 செ.மீ. கோடு கிழித்து, கடைசிச் சூளை வரை சுட்டபின் அளந்து பாருங்கள். 8.8 செ.மீ. வந்தால் சுருக்கம் 12 சதவீதம். 20 செ.மீ. உயரம் வேண்டுமென்றால் 20ஐ 0.88ஆல் வகுத்து, ஏறத்தாழ 22.7 செ.மீ. வனைய வேண்டும். எலும்பு மாதிரி காயாத மண் சூளைக்குள் போனால் உள்ளிருக்கும் தண்ணீர் ஆவியாகி மண்ணை உடைத்துக்கொண்டு வெளியே வரும், பக்கத்தில் இருக்கிற இன்னொருவர் வேலையையும் சேர்த்து. சூளை ஆற மட்டுமே ஒரு நாள் ஆகலாம். அவசரப்பட்டுத் திறந்தால் விரிசல்தான்.

விமர்சன அமர்வுக்குப் பாதி முடிந்த வேலையைக் கொண்டுபோங்கள். முழுதாக முடிந்ததன் முன்னால் "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். முதல் ஐந்து நிமிடம் விளக்கம் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு நிற்பது கஷ்டம்தான், ஆனால் நீங்கள் சொல்லாமலே அவர்களுக்கு என்ன தெரிகிறது என்பது அப்போதுதான் புரியும். குறிப்பெடுக்கும் வேலையை நண்பரிடம் விடுங்கள். பதற்றத்தில் நம் காதில் பாதிதான் விழும். "நீலம் முன்னுக்கு வருகிறது" என்பது அவர்கள் கண்டது, "நீலத்தை எடுத்துவிடு" என்பது அவர்கள் சொல்லும் தீர்வு. முதலாவதை நம்பலாம். இரண்டாவதை நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும்.

ஆய்வுரைக்குச் சுருக்கமாக ஒன்று: படத்தைச் சேமிக்கும்போதே கலைஞர், தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு எழுதிவையுங்கள். அளவில் உயரம் முதலில், அகலம் பிறகு.

வேலையைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போடுமுன் படமெடுத்துவிடுங்கள். இரண்டு பக்கமும் 45 பாகையில் ஒரே வகை விளக்கு, ட்ரைபாட், கேமரா படத்துக்கு நேர் இணையாக. வெவ்வேறு பல்புகளைக் கலந்தால் ஒரு பக்கம் மஞ்சளும் மறுபக்கம் நீலமுமாக விழும். பிறகு கணினியில் சரிசெய்வது பெரும்பாடு.

மாட்டும் நாளில் சுவரில் ஏழெட்டு ஓட்டை விழுவதற்குக் காரணம் கண்ணளவு. படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து சுமார் 148 செ.மீ. இருக்கட்டும். அதோடு படத்தின் பாதி உயரத்தைக் கூட்டி, பின்கம்பியை மேலே இழுத்துப் பிடிக்கும்போது அதற்கும் மேல்விளிம்புக்கும் உள்ள தூரத்தைக் கழியுங்கள். படம் 80 செ.மீ., கம்பி 6 செ.மீ. கீழே என்றால் 148 + 40 − 6 = 182. ஆணி அங்கே. வீடியோ வேலை என்றால் முந்தின நாளே ஆறு மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டுப் பாருங்கள். லூப் எங்கே நிற்கிறது, புரொஜெக்டர் எப்போது சூடேறி அணைகிறது என்பதெல்லாம் ஐந்து நிமிடச் சோதனையில் தெரியாது.