சென்னை மொட்டைமாடியில் ஜேடு வளர்ப்பு: இதுவரை பார்த்தது

நம் ஊர் நர்சரியில் ஜேடு என்ற சக்குலன்டை, அதாவது தடித்த இலையில் தண்ணீர் சேர்த்து வைக்கும் செடியைக் கேட்டால் பெரும்பாலும் எடுத்துத் தருவது ஜேடு அல்ல. சிவந்த தண்டு, விரல் நகம் அளவுக்கு வட்ட இலை, கிளை கிளையாகப் பரவும் உடல்வாகு என்றால் அது போர்ச்சுலகாரியா ஆஃப்ரா. நிஜ ஜேடு கிராசுலா ஓவாட்டா. அதன் தண்டு தடித்திருக்கும், இலை இரண்டு அங்குலம் வரை போகும், நல்ல வெயில் பட்டால் இலை ஓரம் சிவக்கும். இரண்டுக்கும் சொந்த மண் தென்னாப்பிரிக்காதான், ஆனால் குடும்பமே வேறு. வளர்ப்பு முறையும் வேறு என்பதால்தான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மாடியில் இரண்டும் இருக்கின்றன. ஒன்று சென்னையில் மரமாகிறது. இன்னொன்று வருடத்தில் பாதி நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறது.

போர்ச்சுலகாரியாவைப் பெருக்குவது சுலபம். பென்சில் தடிமனுக்கு முற்றிய கிளையாகப் பார்த்து நாலு அங்குலம் வெட்டி, அடி இலைகளை உருவிவிட்டு, நிழலில் ஒரு வாரம் சும்மா போட்டு வைப்பேன். வெட்டிய இடம் காய்ந்து தோல் கட்டியதும் மணலில் செருகினால் போதும். தாராளமாகத் தண்ணீர் விடுவது வேர் பிடித்த பிறகுதான்.

இந்தச் செடி காடாக வளர்ந்து கிடக்கும் தென்னாப்பிரிக்காவின் கிழக்கு கேப் பகுதியில் யானைகளுக்கு இது பிடித்த தீனி. 1931ல் தொடங்கிய ஆடோ யானைப் பூங்கா அங்கேதான் இருக்கிறது. யானை மேலிருந்து ஒடித்துத் தின்னும்போது சிந்துகிற துண்டுகள் வேர் விட்டுக்கொள்கின்றன, தரையில் படரும் அடிக்கிளைகளும் தப்பித்துப் பரவுகின்றன. ஆடு அப்படியில்லை, அடியிலிருந்து மேய்ந்து புதரையே காலி செய்துவிடும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு நானும் யானை பக்கம் சேர்ந்துவிட்டேன். நுனியில் மட்டும் கத்தரிப்பேன், அடிக்கிளைகளைத் தொடமாட்டேன். செடி அகலமாகிறது, அடித்தண்டும் நன்றாகப் பருக்கிறது.

கிராசுலாவுக்குக் கிளைகூட வேண்டாம், ஒரு இலை போதும். அடி பிய்ந்துபோகாமல் முழு இலையாகத் திருகி எடுத்து மண்மேல் கிடத்திவிட்டால், வெட்டுவாயில் முதலில் இளஞ்சிவப்பு வேரும் அப்புறம் மிளகளவில் ஒரு குட்டிச் செடியும் வரும். தை, மாசியில் இது நடக்கிறது. அதே மண், அதே இடம், ஆனால் சித்திரையில் வைத்தால் இலை சுருங்குகிறது அல்லது அழுகுகிறது. வெயில்தான் காரணம் என்று நினைத்து நிழல்வலை போட்டுப் பார்த்தேன், பெரிய மாற்றமில்லை. எனக்குப் புரிந்தவரை பிரச்சினை பகலில் இல்லை, ராத்திரியில் இருக்கிறது.

இந்த வகைச் செடிகள் வெயில் நேரத்தில் இலைத்துளைகளை மூடிக்கொள்கின்றன. இரவில் திறந்து கரியமில வாயுவை உள்ளே இழுத்து, மாலிக் அமிலம் என்ற புளிப்புப் பொருளாக மாற்றிச் சேர்த்து வைக்கின்றன. விடிந்ததும் துளையை மூடியபடியே அதை எடுத்துச் சமைக்கின்றன. தண்ணீரை மிச்சம் பிடிக்க இப்படி ஓர் ஏற்பாடு. இதை நாக்கால் ருசித்தே கண்டவர் மதராஸ் மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் தாவர ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த பெஞ்சமின் ஹைன். நாம் ரணகள்ளி என்றும் கட்டிப்போட்டால் குட்டிபோடும் என்றும் சொல்கிற செடியின் இலை காலையில் புளிக்கிறது, மதியத்தில் ருசியில்லாமல் போகிறது என்று அவர் எழுதிய குறிப்பு 1815ல் லண்டன் லின்னேயன் சங்க வெளியீட்டில் வந்தது.

சரி, நாமும் பார்த்துவிடலாம் என்று போர்ச்சுலகாரியாவில் செய்தேன். அதன் இலை தின்னக்கூடியது. விடியற்காலையில் பறித்த இலை புளியாரைக் கீரை மாதிரி நாக்கைச் சுண்டியது. சாயங்காலம் அதே கிளையில் பறித்ததில் வெறும் பச்சை வாசம்தான். கிராசுலாவிலும் ரணகள்ளியிலும் இந்த விளையாட்டு வேண்டாம். கிராசுலா நாய், பூனைக்கு ஆகாது. ரணகள்ளியில் இதயத்தைப் பாதிக்கும் பொருள் இருக்கிறது, மேய்ந்த மாடுகளே செத்திருக்கின்றன.

இரவு குளிர்ந்தால்தான் இந்தச் சேமிப்பு ஒழுங்காக நடக்கும். சென்னையில் மே மாத இரவு 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். கசகசக்கும் கடற்காற்று வேறு. ஊட்டியிலும் பெங்களூரிலும் மினுங்கும் எச்சிவேரியா இங்கே வந்தால் முதல் கோடையோடு சரி. பாலைவனச் செடி என்று நினைத்து வெயிலில் வைக்கிறோம், ஆனால் அது மெக்சிகோவின் மலைப்பகுதிகளிலிருந்து வந்தது. இனி அதை வாங்குவதில்லை என்பது என் முடிவு. கிழக்கு ஓரத்து நிழலில் ஹவார்த்தியாவும் காஸ்டீரியாவும் பழுதில்லாமல் இருக்கின்றன. முழு வெயிலுக்கு அடீனியம். நம் மருளும் பிரண்டையும் எதற்கும் அசைவதில்லை, அவற்றை யாரும் சக்குலன்ட் என்று காசு கொடுத்து வாங்காததுதான் குறை.

எதிர்வீட்டு அக்கா மாடிக்கு வரும்போதெல்லாம், "இவ்வளவு வளர்ந்தும் ஒரு பூ இல்லையே தம்பி" என்பார். கிராசுலா நட்சத்திர வடிவில் வெள்ளையாகப் பூக்கும்தான். அதற்கு நீண்ட, குளிர்ந்த இரவுகள் வேண்டும். இங்கே மார்கழியிலேயே 20 டிகிரியைத் தாண்டி அதிகம் இறங்குவதில்லை. "ஊட்டியில் வீடு வாங்கினால் பூக்கும் அக்கா" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மண் கலவையில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. செம்மண், தூள் போகச் சலித்த செங்கல் பொடிக்கல், உமிக்கரி, கைப்பிடி மண்புழு உரம். நர்சரியிலிருந்து வரும் தேங்காய் நார்க்கழிவை மட்டும் வேரிலிருந்து உதிர்த்துவிடுவேன். மழைக்காலத்தில் அது காய்வதே இல்லை.

மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எல்லாத் தொட்டிகளும் மாடிப்படிக் கூண்டுக்குள் போயின. வெளிச்சம் இல்லாமல் சில நாள் இருந்ததை அவை பொருட்படுத்தவே இல்லை. வேரில் காற்றில்லாமல் நாள்கணக்கில் ஊறிக் கிடந்தால்தான் தண்டு கூழாகும். இப்போதும் ஐப்பசி பிறந்ததும் கிராசுலாக்கள் கூரைக்குக் கீழே போய்விடும், போர்ச்சுலகாரியா வெளியிலேயே நனையும். தொட்டிக்கு அடியில் இரண்டு செங்கல் வைத்துத் தூக்கிவிட்டால் அதற்குப் போதும்.

மாவுப்பூச்சி தனிக்கதை. கணுக்களில் பஞ்சு தெரிந்தால் 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த காது குடையும் பஞ்சால் ஒவ்வொன்றாகத் துடைப்பேன். வேப்பெண்ணெயை வெயில் இறங்கிய பிறகு மட்டும் அடிப்பேன், எண்ணெய்ப் பூச்சோடு வெயிலில் நின்றால் இலை கருகும். பூச்சியைவிட எறும்பைத்தான் முதலில் தேடுவேன். இனிப்புக் கழிவுக்காக எறும்புகள் மாவுப்பூச்சிக்குக் காவல் இருக்கும்.

இந்த வருடம் பெரிய கிராசுலா ஒன்றில் வேரிலும் மாவுப்பூச்சி. மண்ணை உதறி, வேரைக் கழுவி, காயவைத்து, புதுக் கலவையில் நட்டிருக்கிறேன். இப்போதைக்கு அது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தனியாக இருக்கிறது. தை பிறந்து புது இலைகள் சுத்தமாக வந்தால்தான் மற்றவற்றோடு சேர்ப்பேன்.