காரை சுவருக்கு இருக்கட்டும்

செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த காரைப்பூச்சு, தலைமுறைகள் தாண்டியும் கண்ணாடி மாதிரி வழுக்கும். அதே பெயரில் பல்லில் படியும் காரை நேரெதிர், ஒரே சொரசொரப்பு. நாக்கு நுனியைக் கீழ் முன்பற்களின் உட்பக்கம் வைத்துப் பாருங்கள். பல்லும் ஈறும் சேரும் இடத்தில் வரப்பு கட்டின மாதிரி தட்டுப்பட்டால் அதுதான் காரை.

அங்கே ஏன் அதிகம் என்றால், எச்சில் சுரப்பிகளின் வாய் நாக்குக்கு அடியில்தான் திறக்கிறது. மேல் கடைவாய்ப் பல்லின் கன்னத்துப் பக்கமும் அப்படியே. சாப்பிட்ட பிறகு பல்லில் ஒட்டும் மாவு போன்ற அழுக்கு முழுக்கக் கிருமி. எச்சிலில் இருக்கும் கால்சியம் அதில் இறங்கினால் இறுகத் தொடங்கிவிடும், அதற்கு ஒன்றிரண்டு நாள் போதும். மாவாக இருக்கும்வரை பிரஷ்ஷுக்கு மசியும். இறுகிய பிறகு பல் டாக்டரின் கருவிக்கு மட்டும்தான் மசியும். ஊக்கால் சுரண்டினால் ஈறுதான் கிழியும்.

நம் ஊர்க்காரர்களுக்கு ஈறு கறுப்பாகவோ பழுப்புத் திட்டாகவோ இருப்பது இயல்பு, நோயல்ல. அதனால் நிறத்தை மட்டும் பார்க்காமல் ஓரத்தையும் பாருங்கள். நல்ல ஈறு பல்லோடு கத்தி முனை போல ஒட்டி நிற்கும், ஆரஞ்சுத் தோல் மாதிரி சின்னச் சின்னப் புள்ளிக் குழிகளும் தெரியலாம். கெட்ட ஈறு உப்பி, பளபளத்து, ஓரம் உருண்டிருக்கும். தொட்டால் ரத்தம் வரும்.

ரத்தம் வரும் இடத்தைத் தொடாமல் விட்டுவிடுவதுதான் பலரும் செய்கிற தப்பு. 1965-இல் டென்மார்க்கில் ஹாரல்ட் லோவும் சகாக்களும் நல்ல ஈறு உள்ள 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார்கள். 10 முதல் 21 நாளுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கிவிட்டது. மறுபடி துலக்க ஆரம்பித்ததும் ஒரு வாரம் போல ஆனபோது தணிந்துவிட்டது. ஆக, ரத்தம் வருகிற இடத்தைத்தான் மெதுவாக, இன்னும் கவனமாகத் துலக்க வேண்டும். இரண்டு வாரம் ஒழுங்காகத் துலக்கியும் நிற்கவில்லை என்றால் உள்ளே காரை இருக்கலாம், டாக்டரிடம் போக வேண்டும்.

அவர் மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே இறக்கி அளப்பார். 3 மில்லிமீட்டர் வரை சரி. 4-ம் அதற்கு மேலும் போனால் அங்கே ஒரு பை உருவாகியிருக்கலாம். பிரஷ் மயிர் ஒரு மில்லிமீட்டர் உள்ளே போனாலே அதிகம், அதனால் பைக்குள் இருக்கும் கிருமியை வீட்டில் எடுக்க முடியாது. அது பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு வரை போய், அதைக் கரைய வைக்கும். கரைந்த எலும்பு தானாக வளராது. பெரும்பாலும் இதில் வலியே இருக்காது என்பதுதான் சங்கடம்.

“கிளீன் பண்ணினா பல்லு ஆடும்ல?” ஆச்சிமார் எல்லோரும் கேட்பது இதைத்தான். அப்படி ஆடும் பல்லில் எலும்பு ஏற்கெனவே கரைந்துபோய், பக்கத்துப் பல்லோடு காரைதான் கட்டிப் பிடித்து வைத்திருக்கும். அதை எடுத்ததும் இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். வீக்கம் வடிந்தால் பல் நடுவே சந்து தெரியும், சில நாள் கூசும். பயப்பட வேண்டாம்.

துலக்கும் முறை: மெத்தென்ற பிரஷ், பட்டாணி அளவு பேஸ்ட். பிரஷ்ஷை ஈறு ஓரத்தில் 45 டிகிரி சாய்த்து, பாதி மயிர் ஈறிலும் பாதி பல்லிலும் படும்படி வைத்துச் சின்னதாக அசையுங்கள். இரண்டு மூன்று பல்லுக்கு ஒரு தரமாக நகருங்கள். மொத்தம் 2 நிமிடம், காலை ஒன்று, படுக்கும் முன் ஒன்று. உமிக்கரி, செங்கல் பொடி எல்லாம் பல்லின் கழுத்தைத் தேய்த்துவிடும். கறி விருந்துக்குப் பிறகு பல் இடுக்கில் சிக்கும் நாருக்குத் துடைப்பக் குச்சி வேண்டாம். சந்து அளவுக்கு ஏற்ற இடுக்கு பிரஷ் கடையில் கிடைக்கும், சந்து இல்லாத இடத்துக்குப் பல் நூல். குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு எழுதித் தந்தால், பேஸ்ட் வைத்துத் துலக்கிய பின் அரை மணி கழித்து, சொன்ன நாள் வரை மட்டும். நீட்டினால் பல் கறையாகும்.

தாம்பூலம் பற்றிச் சொன்னால் கோபம் வரும். ஆனாலும் கொட்டைப்பாக்கு, புகையிலை இல்லாவிட்டாலும், புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. புகையிலை, சிகரெட் இன்னொரு விதத்தில் ஏமாற்றும். ரத்தக்குழாய் சுருங்குவதால் நோய் இருந்தும் ரத்தம் வராது, ஈறு நன்றாக இருக்கிற மாதிரி தெரியும்.

சுகர் உள்ளவர்களுக்கு ஈறு நோய் சீக்கிரம் முற்றும், ஈறு நோய் சுகரையும் ஏற்றும். ஈறுக்கு வைத்தியம் செய்தால் மூன்று மாதச் சராசரி சுகர் அளவு (HbA1c) 0.4 சதவீதப் புள்ளி போலக் குறைவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பிரஷருக்கு அம்லோடிபின், வலிப்புக்கு பெனிடாய்ன் எடுப்பவர்களுக்கு ஈறு தடித்து வளரலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், எழுதிய டாக்டரிடம் சொல்லுங்கள். ஈறில் சீழ், பல் ஆட்டம், இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், வாய் முழுதாகத் திறக்க முடியாமை, இந்த நான்கில் எது இருந்தாலும் அடுத்த மாதம் வரும் கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.